எழுபது வளைவு ஏறப்போகும் காருக்கு எந்த டர்போ?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை, கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். நாமக்கல், சேலம், ஈரோடு பக்கத்தில் கார் பித்துப் பிடித்த இளைஞர்கள் கூடினால் அந்த எண்கள்தான் பேச்சில் அடிபடுகின்றன. எத்தனை நிமிடத்தில் ஏறினாய், எந்த வளைவில் வண்டி திணறியது, எந்தப் பட்டறையில் பூஸ்ட் ஏற்றினாய் என்று பேச்சு போகும். "டர்போவ மட்டும் மாத்திரலாங்க தம்பி, அப்புறம் மலையே தெரியாது" என்று ஆசை காட்டுகிற பட்டறைக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. செலவு எவ்வளவு ஆகும் என்று அவர் சொல்லிவிடுவார். சட்டம் என்ன சொல்கிறது, காப்பீடு என்ன ஆகும், இன்ஜின் போனால் யாரைக் கேட்பது என்பதை அவர் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பழுதான டர்போவைக் கழற்றிவிட்டு, அதே பகுதி எண் கொண்ட இன்னொன்றை மாட்டுவது பழுதுபார்ப்பு. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மிளகும் காபியும் அன்னாசியும் ஏற்றி இறக்கும் மலை வண்டிகளுக்கு இது எப்போதாவது வந்தே தீரும் செலவு. கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டர்போவை மாட்டுவதும், டர்போவே இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்குப் புதிதாக ஒன்றைப் பொருத்துவதும் வேறு கதை. சட்டத்தின் பார்வையில் அது வாகன மாற்றம். இரண்டு வேலைக்கும் "டர்போ வேலை" என்று ஒரே வரியில் துண்டுச்சீட்டு எழுதித் தரும் பட்டறைகள் உண்டு. பின்னால் வரும் வழக்குகள் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் சிக்கிக்கொள்கின்றன.

டர்போவின் வேலை எளிமையானது. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது; அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அப்படிக் கூடும் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறார்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த காரில் இது ஏறியது 1962-ல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரிலும் ஷெவர்லே கார்வேரிலும். ஜெட்ஃபயர் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்ஜின் நாக்கிங் ஆகாமல் இருக்க, மெத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவம் ஒன்றை அதில் அவ்வப்போது ஊற்ற வேண்டும். வாங்கியவர்கள் ஊற்றவில்லை. தொல்லை பெருகி, கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது. பராமரிப்பைச் சொல்லாமல் பவரை விற்பது அறுபது ஆண்டுப் பழக்கம்.

இனி நம் மலைக்கு வருவோம். கொல்லிமலையின் மேற்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர். 1,200 மீட்டரில் காற்றழுத்தம் சென்னையைவிட 13 சதவீதம்போலக் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் திறனும் ஏறத்தாழ அந்த அளவுக்கு விழும். டர்போ இன்ஜின் இதை ஈடுகட்டிவிடும். ஆனால் இலவசமாக அல்ல. கடற்கரையில் ஒரு பார் பூஸ்ட் என்றால் வெளிக்காற்றை இரண்டு மடங்கு அழுத்துகிறது என்று பொருள். மலை உச்சியில் இன்ஜினுக்கு அதே அளவு காற்று கிடைக்க வேண்டுமானால் 2.3 மடங்கு அழுத்த வேண்டும். அதற்குத் தண்டு இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். சின்னக் கார்களின் டர்போ தண்டு சமவெளியிலேயே நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் சுற்று சுற்றக்கூடியது. சமவெளியில் எல்லையைத் தொட்டுக்கொண்டு ஓடும் மலிவு டர்போ, மலைமேல் உள்ள செம்மேடு போய்ச் சேர்வதற்குள் எல்லையைத் தாண்டிவிடும்.

"பெரிய டர்போ, பெரிய பவர்" என்பது பட்டறைப் பேச்சு. நெடுஞ்சாலையில் அது மெய்யாக இருக்கலாம். கொல்லிமலை வளைவைவிட்டு வெளியே வரும்போது கார் முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ, மணிக்கு 15, 20 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருக்கும். பெரிய டர்போவின் சக்கரம் கனமானது. இன்ஜின் 3,500, 4,000 சுற்றைத் தொடும்வரை அது விழிக்காது. மிதிக்கிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதிக்கிறீர்கள். அடுத்த வளைவு கண்ணில் படும் நேரத்தில் பூஸ்ட் மொத்தமாக வந்து இறங்குகிறது, முன்சக்கரங்கள் வழுக்குகின்றன. ஐப்பசி மழையில் சாலை நனைந்து, எதிரே பேருந்து இறங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்தச் சாலைக்குப் பொருத்தமானது 1,500 முதல் 1,800 சுற்றுக்குள் வேலையைத் தொடங்கும் சின்ன டர்போ. இன்று விற்கும் டர்போ கார்களில் பெரும்பாலானவற்றில் கம்பெனியே அதைத்தான் வைத்திருக்கிறது. மலை ஏறுவதற்காக டர்போவைப் பெரிதாக்குவது வீண் வேலை என்பது என் தீர்மானமான கருத்து.

இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம். பவரைக் கூட்டியவர்கள் பிரேக்கைக் கூட்டுவது அபூர்வம். கீழ்நோக்கி எழுபது வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கினால், கொஞ்ச தூரத்தில் பெடல் பஞ்சாகிவிடும்.

இன்ஜினின் உள்ளுறுப்புகளுக்கும் ஓர் எல்லை உண்டு. டர்போ இல்லாத இக்காலப் பெட்ரோல் இன்ஜின்களில் அழுத்த விகிதம் 10.5, 11 என்று இருக்கும். அதன்மேல் பூஸ்ட் ஏற்றினால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும், அதுதான் நாக்கிங். சில நிமிடக் கடும் நாக்கிங் பிஸ்டனில் ஓட்டை போடப் போதுமானது. ஆகவே இன்ஜெக்டர், பெட்ரோல் பம்பு, இன்டர்கூலர், இசியு ரீமேப் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். அந்த ரீமேப்பும் சாதாரண பங்கில் கிடைக்கும், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கே செய்யப்பட வேண்டும். சென்னையில் 100 ஆக்டேன் போட்டு டியூன் செய்த காருக்கு மலையடிவாரத்தில் அந்தப் பெட்ரோலை எங்கே தேடுவது? கியர்பாக்ஸையும் மறந்துவிடுகிறார்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வரும் டிக்யூ200 என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் எல்லை 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதே கார்களின் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250 கொடுக்கிறது. மேலே ஏற்ற அங்கே இடமே இல்லை.

வாங்கும்போது என்ன பார்ப்பது

காரெட், போர்க்வார்னர், ஐஎச்ஐ, மிட்சுபிஷி என்று உலகில் பெயர்பெற்ற டர்போ தயாரிப்பாளர்கள் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான். நம் ஊரிலேயே சென்னைக்குத் தெற்கே பையனூரில் டர்போ எனர்ஜி நிறுவனம் தயாரிக்கிறது. இவர்களின் ஒவ்வொரு டர்போவிலும் பகுதி எண்ணும் வரிசை எண்ணும் பதித்த தகடு இருக்கும். காசு கொடுப்பதற்கு முன் அந்த எண்களைப் படமெடுத்து, அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் கேட்டுச் சரிபாருங்கள். தகடு இல்லை, சுரண்டியிருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார் என்றால் விட்டுவிடுங்கள். நல்ல கம்பெனிகள், சக்கரம் உடைந்து சிதறினாலும் துண்டுகள் கூட்டைத் துளைத்து வெளியே வராதபடி சோதித்துத்தான் விற்கின்றன. போலிக்கு அந்தச் சோதனை கிடையாது. உடைந்த துண்டு கூட்டைக் கிழித்து, ஆயில் குழாயும் அறுந்து, பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் மேல் ஆயில் பீய்ச்சினால் பானட்டுக்குள் தீ. நாற்பதாவது வளைவில் தீயணைப்பு வண்டிக்காகக் காத்திருக்க முடியாது.

ரீகண்டிஷன் செய்த டர்போ தவறில்லை; நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே கேள்வி: உள்ளே சுழலும் பகுதியை (கோர்) அதிவேகத்தில் சுற்றி பேலன்ஸ் பார்த்த அறிக்கை உண்டா? உண்டென்றால் காகிதமாக வாங்குங்கள். "கையில சுத்திப் பாத்தாச்சுங்க" என்பது பதிலாகாது. பெரிய டர்போ மாட்டித் தருகிறேன் என்பவரிடம் அந்த டர்போவின் கம்ப்ரஸர் மேப்பைக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு காற்றை எவ்வளவு அழுத்தத்தில் தள்ளும்போது அது ஒழுங்காக இயங்கும் என்று காட்டும் வரைபடம் அது. அதில் உங்கள் இன்ஜின் எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டத் தெரியாதவர் குத்துமதிப்பாக மாட்டுகிறார் என்று பொருள்.

மாட்டும் நாளில் பட்டறையிலேயே இருப்பது நல்லது. முதல் கேள்வி, பழைய டர்போ ஏன் போனது? ஆயில் வராமல் போயிருந்தால், அதே அடைத்த குழாயில் புதியதை மாட்டினால் அதுவும் சீக்கிரமே போகும். ஆயிலும் ஃபில்டரும் புதிதாக வேண்டும். ஆயில் வரும் குழாயை மாற்றிவிடுவதே மேல். பழைய சக்கரத்தின் பொடியும் துண்டுகளும் இன்டர்கூலரில் தங்கியிருக்கும். அதைக் கழற்றிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்தால் அவை நேராக இன்ஜினுக்குள் போகும். ஆயில் இறங்கும் குழாய் சரிவாகக் கீழ்நோக்கிப் போக வேண்டும்; மடங்கியிருந்தால் ஆயில் சீலைத் தாண்டிக் கசியும். ஆயில் இணைப்புகளில் சிலிகான் பேஸ்ட் தடவ விடாதீர்கள். பிதுங்கி உள்ளே போகும் ஒரு சொட்டுப் பேஸ்ட் பேரிங்குக்குப் போகும் ஆயிலை அடைத்துவிடும். மாட்டி முடித்ததும் டர்போவுக்குள் ஆயில் விட்டு, இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாமல் சில முறை சுற்றவைத்து, ஆயில் அழுத்தம் ஏறிய பிறகே ஓட்ட வேண்டும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் சாவியைத் திருப்பிச் சட்டென்று அணைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சூட்டில் நிற்கும் ஆயில் டர்போவுக்குள்ளேயே கரியாகப் படிந்துவிடும். ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும்.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. டர்போ சீல் உடைந்து ஆயில் இன்ஜினுக்குள் போனால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக உறுமத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் பல வண்டிகளில் நிற்காது. கையால் கியர் போடும் வண்டியென்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உச்ச கியரில் போட்டு, கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். முடியாவிட்டால் வண்டியை நிறுத்தி ஆட்களை இறக்கித் தள்ளி நிற்க வைத்துவிடுங்கள். பானட்டைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதை அழுத்தமாகச் சொன்னது. "சட்டம் சொல்வது கட்டமைப்பு மாற்றத்தை, டர்போ வெறும் பாகம்தானே" என்று வாதிடுபவர்கள் உண்டு. அதே ஆண்டு சட்டத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு பாகங்களைப் பொருத்துவதையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொள்கிறது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தமும் புகையும் வரம்பு மீறினால் 190-ஆம் பிரிவு. 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். டர்போவோடு சேர்த்து கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிடுகிறவர்கள் வந்து நிற்கும் இடம் இதுதான்.

பட்டறைக்காரரும் தப்ப முடியாது. இந்தச் சட்டத்தில் 'டீலர்' என்ற சொல்லுக்குள் வாகனம் பழுதுபார்க்கும் தொழில் செய்பவரும் அடக்கம். புகை, ஒலி, கட்டுமான விதிகளை மீறும்படி வண்டியை மாற்றிக் கொடுத்தால் வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "எல்லாம் உங்க பொறுப்பு" என்று கையெழுத்து வாங்கிக்கொள்பவரிடம் இதை நினைவூட்டலாம்.

"இது அப்ரூவல் வாங்கின கிட்" என்று விற்பவர் சொன்னால், வாகனச் சோதனை நிறுவனம் கொடுத்த சான்றிதழைக் கேளுங்கள். புனேயில் ஏஆர்ஏஐ, சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஜிஏஆர்சி என அத்தகைய நிறுவனங்கள் இருக்கின்றன. மத்திய அரசு வகுத்த விதிப்படி அனுமதி பெற்றுப் பொருத்தும் மாற்றத்துக்காகக் கார் கம்பெனி வாரண்டியை ரத்து செய்ய முடியாது என்று 52-ஆம் பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பும் தருகிறது. அனுமதியில்லாத டர்போவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்போதும் ஏசிக்கும் கதவுக் கண்ணாடிக்கும் சேர்த்து வாரண்டியை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த மறுப்பை எதிர்த்து வழக்காட உங்களுக்கு இடமிருக்கிறது.

நேரம் பார்த்து மலையேறும் போட்டிக்கும் ஒரு வார்த்தை. அரசின் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது 189-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். முதல் முறைக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். ரீல்ஸில் நீங்களே போட்ட வீடியோ உங்களுக்கு எதிரான சாட்சியாகும். இன்ஜினின் எல்லையைப் பார்க்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. எதிரே பேருந்து வராத சாலைகள் அவைதான்.

காப்பீட்டில் மறைக்கக் கூடாது

இன்ஜினை மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். மறைத்தால், முக்கியமான உண்மையை மறைத்தார் என்ற ஒரே காரணம் காட்டி உங்கள் காருக்கான இழப்பீட்டை மறுக்க முயல்வார்கள். எதிரே வந்தவருக்கு அடிபட்டு, அந்தப் பணமும் உங்கள் தலையில் விழுந்தால் குடும்பமே தாங்காது.

அதற்காக, மறுப்புக் கடிதம் வந்ததும் விட்டுவிட வேண்டாம். காரே திருடுபோயிருந்தால் அதற்கும் டர்போவுக்கும் என்ன தொடர்பு? வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லி, திருடுபோன காருக்கு இழப்பீடு மறுத்த வழக்கில், நிபந்தனை மீறலுக்கும் திருட்டுக்கும் தொடர்பில்லை என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதத் தொகை தரச் சொன்னது. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை; 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிக்கிறார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவி எண் 155255.

பட்டறை ஏமாற்றினால்

போலி டர்போ, சரியாக மாட்டாத வேலை, பில் தர மறுப்பது ஆகிய மூன்றுக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கார் கோவையில் மாற்றப்பட்டிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் செலவழித்திருந்தால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால், சில நேரம் கடைக்காரர் வழக்கில்லாமலே இறங்கிவருவார்.

ஆணையத்தில் உணர்ச்சி எடுபடாது, காகிதம்தான் எடுபடும். பகுதி எண், வரிசை எண், என்னென்ன மாற்றப்பட்டது, எவ்வளவு பூஸ்ட், எத்தனை மாத வாரண்டி என்று எழுதி ஜிஎஸ்டி எண்ணோடு வாங்கிய பில், வாட்ஸ்அப் உரையாடல், பழைய டர்போ. ஆம், பழையதைப் பட்டறையில் விட்டுவராதீர்கள். உடைந்த டர்போவை ஆணையத்தில் கொடுக்கும்வரை திறந்து பார்க்கவும் விடாதீர்கள். திறந்துவிட்டால் யார் கெடுத்தது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போகும். ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: சட்டம் அனுமதிக்காத மாற்றத்தை நீங்களே கேட்டுச் செய்திருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதல் வாதமாக வைக்கும். அதே ரகத்துக்கு அதே ரகம் மாட்டியவரின் வழக்குதான் பலமானது.

மலைவாழ் மக்களுக்கு இன்னொரு உரிமை உண்டு, பலருக்கும் தெரியாது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உதவி கிடைக்கும். பிக்அப் வைத்துப் பிழைக்கும் கொல்லிமலைக்காரர் போலி டர்போவால் வண்டி நின்று வருமானம் இழந்தால், நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டி என்று மனுவில் மறக்காமல் எழுதுங்கள். அப்போதுதான் வணிகப் பயன்பாடு என்று சொல்லி உங்களை நுகர்வோர் பட்டியலிலிருந்து தள்ள முடியாது.